நைஜீரியாவில் மொத்தம் எத்தனை பேர்? சண்டை வராமல் சொல்ல முடியாது

நைஜீரியாவின் மக்கள்தொகை எவ்வளவு என்று கூகுளில் தட்டினால் சுமார் 23 கோடி என்று டக்கென்று பதில் வந்துவிடும். ஆப்பிரிக்கா இளமையாகிறது, ஆப்பிரிக்கா வெடிக்கப் போகிறது, 2050இல் நைஜீரியா அங்கே போய் நிற்கும் இங்கே போய் நிற்கும் என்று வருகிற கட்டுரைகளில் முக்கால்வாசி அந்த எண்ணை நம்பித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் அந்த நாட்டில் கடைசியாக வீடு வீடாகப் போய்த் தலைகளை எண்ணியது 2006 மார்ச் மாதம். அப்போது பிறந்த குழந்தைகள் இப்போது ஓட்டுப் போடும் வயதைத் தாண்டியாகிவிட்டது. அன்று வந்த எண் 14 கோடியே 4 லட்சம். அதற்குப் பிறகு நாம் படிக்கிற எல்லா எண்களும் ஏதோ ஒரு வகையில் மதிப்பீடுகள்தான். அந்த 14 கோடியையே பாதி நாடு நம்பவில்லை என்பது தனிக்கதை. தனிக்கதை என்ன, அதுதான் கதையே.

நான் சில வருடங்கள் லாகோஸில் வேலை பார்த்தேன். பிஸ்கட், குழந்தைகளுக்கான பால் பவுடர், டயப்பர் இதையெல்லாம் நாடு முழுக்க விநியோகம் செய்கிற கம்பெனி. எந்த மாநிலத்துக்கு எத்தனை அட்டைப்பெட்டி அனுப்புவது என்று வருடத் தொடக்கத்தில் கணக்குப் போட வேண்டும், அது என் தலையில். கணக்கு என்றால் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது: 2006 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்துக்கு எத்தனை பேர், அதை வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே வந்தால் இன்றைக்கு எத்தனை பேர், அதில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர். எக்செல் ஷீட் பார்க்க அழகாக இருக்கும். லாகோஸ் கிடங்கு மட்டும் மாதக் கடைசிக்குள் காலியாகிவிடும், வேறு சில மாநிலங்களில் பெட்டி மேல் பெட்டியாகத் தூசி படிந்து கிடக்கும். எங்கள் விற்பனைப் பிரதிநிதிகளில் மூத்தவர் ஒருவர் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள் சொன்னார்: "ஓகா (முதலாளி என்று அர்த்தம்), சென்சஸைப் பார்த்து லாரி அனுப்பாதீங்க. அது தலைநகர் அபுஜாவில் பணம் பிரிக்கறதுக்காகப் போட்ட கணக்கு. சரக்கு விக்கறதுக்குப் போட்டதில்ல."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. நைஜீரியாவின் எண்ணெய்ப் பணம் மத்தியக் கணக்கில் சேர்ந்து, அங்கிருந்து மாநிலங்களுக்குப் பிரிகிறது. மாநிலங்களுக்கு இடையே பிரிக்கும் சூத்திரத்தில் 40 சதவீதம் எல்லோருக்கும் சமமாகப் போய்விடும். 30 சதவீதம் மக்கள்தொகையைப் பார்த்துப் போகும். மிச்சம் நிலப்பரப்பு, சமூக வளர்ச்சி, சொந்த வருவாய் என்று சில்லறையாகப் பிரியும். பிரதிநிதிகள் சபையின் 360 இடங்களும் மக்கள்தொகையைத்தான் பார்க்கின்றன. ஆக, ஒரு மாநிலத்தில் ஒரு தலை கூடினால் அது கஜானாவுக்கும் சபைக்கும் சேர்த்துக் கூடுகிற தலை. இந்த நிலையில் எந்த ஆளுநராவது "எங்கள் ஊரில் ஆட்கள் குறைவுதான்" என்று ஒப்புக்கொள்வாரா?

லாகோஸும் கானோவும் இதற்கு நல்ல உதாரணம். 2006 கணக்குப்படி தெற்கே லாகோஸ் மாநிலத்தில் 91 லட்சம் பேர், வடக்கே கானோ மாநிலத்தில் 94 லட்சம் பேர். லாகோஸ் கொதித்துவிட்டது. அந்த மாநில அரசு அதே சமயத்தில் தானாக ஒரு கணக்கெடுப்பை நடத்தி வைத்திருந்தது. அதில் வந்த எண் 1 கோடியே 75 லட்சம். ஏறக்குறைய இரண்டு மடங்கு! லாகோஸில் ஒரு தடவை மூன்றாம் மெயின்லாண்ட் பாலத்தில் மாலை நெரிசலில் மாட்டிக்கொண்டவர் யாரும் 91 லட்சத்தை நம்பமாட்டார். அதற்காக 1 கோடியே 75 லட்சத்தையும் நான் நம்பவில்லை. அதைப் போட்டவர்களுக்கும் பணம் தேவைதானே.

இன்னொரு விஷயம். கானோவிலிருந்து 1991இல் ஜிகாவா என்று தனி மாநிலம் பிரிந்து போன பிறகும் கானோவில் 44 உள்ளாட்சிப் பகுதிகள் இருக்கின்றன. லாகோஸுக்கு 20 தான். உள்ளாட்சிக்கும் மத்தியப் பணம் தனியாக வருகிறது என்பதால் லாகோஸ் 2003இல் தன் பங்குக்குப் புதிதாக 37 பகுதிகளை உருவாக்கப் பார்த்தது; அதிபர் ஒபாசாஞ்சோவின் மத்திய அரசு லாகோஸின் உள்ளாட்சிப் பணத்தையே நிறுத்தி வைத்தது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்கள்தொகைக் கட்டுரை என்று ஆரம்பித்துவிட்டுப் பணத்தைப் பற்றியே பேசுகிறானே என்று நினைக்காதீர்கள், அங்கே இரண்டும் ஒன்றுதான்.

முன்பெல்லாம் இது தலைகீழாக இருந்தது. எண்ண வந்தால் ஜனங்கள் ஓடி ஒளிந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் தலை எண்ணிக்கை என்றால் அடுத்த வருடம் வரி வரும் என்று அர்த்தம். தென்கிழக்கில் இக்போ மக்கள் வாழும் பகுதியில் 1926 வாக்கில் ஆண்களை எண்ணினார்கள், வரிக்காக அல்ல என்று சொல்லித்தான் எண்ணினார்கள், 1928இல் வரி வந்துவிட்டது. அடுத்த வருடம் 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் நவான்யெருவா என்ற விதவைப் பெண் செம்பனைப் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தபோது, அரசு நியமித்த தலைவரின் ஆள் வந்து "உன்னிடம் ஆடு எத்தனை, செம்மறி எத்தனை, வீட்டில் ஆட்கள் எத்தனை, எண்ணிச் சொல்" என்றான். "உன் ஆத்தாளை எண்ணியாச்சா?" என்று அந்தம்மாள் திருப்பிக் கேட்டாள். வாய்ச்சண்டை கைகலப்பானது. அவள் எண்ணெய்க் கையோடு அவனைப் பிடித்தாள் என்கிறார்கள். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி ஊர் ஊராகப் பரவி ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள், நீதிமன்றங்களைத் தாக்கினார்கள், படைகள் சுட்டதில் 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆபா பெண்கள் போர் என்று சரித்திரத்தில் வருவது இதுதான். ஆடுகளை எண்ணுவதில் தொடங்கிய போர்.

அந்தப் பயம் சட்டென்று போய்விடவில்லை. 1952-53இல் எடுத்த கணக்கில் 3 கோடி சொச்சம் பேர் வந்தார்கள். குறைவான எண் என்றும், வரிக்குப் பயந்து நிறையப் பேர் பதுங்கிவிட்டார்கள் என்றும் பிற்பாடு சொன்னார்கள். பிறகு 1960இல் சுதந்திரம். நாடாளுமன்றத்தில் எந்தப் பகுதிக்கு எத்தனை இடம் என்பது தலை எண்ணிக்கையைப் பொறுத்தது என்றானதும், பதுங்கினவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. 1962 கணக்கெடுப்பில் முதலில் வந்த எண்கள் தெற்குக்குப் பெரும்பான்மை கொடுத்தன. அதுவரை வடக்குதான் பெரியது என்று நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்கள். "சரிபார்க்கிறோம்" என்று வடக்கில் மறுபடி இறங்கினார்கள், சுமார் 85 லட்சம் பேர் புதிதாகக் கிடைத்தார்கள்! அந்தக் கணக்கையே குப்பையில் போட்டுவிட்டு 1963இல் புதிதாக எடுத்ததில் மொத்தம் 5 கோடியே 56 லட்சம் ஆனது. பத்து வருடத்தில் 3 கோடி 5.5 கோடி ஆக வேண்டுமானால் எந்தத் தாயும் சும்மா இருந்திருக்க முடியாது.

1973இல் இன்னொரு தடவை எடுத்தார்கள். கிட்டத்தட்ட 8 கோடி என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வடக்கில் என்றும் வந்தது. தெற்கின் பெரிய தலைவர் அவோலோவோ ஏற்கவில்லை. 1975இல் ஆட்சியைப் பிடித்த முர்தலா முகம்மது அந்தக் கணக்கு செல்லாது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். 1991இல் நடந்தது இதில் எல்லாவற்றையும்விட சுவாரசியம்: 11 கோடிக்கு மேல் இருப்பார்கள் என்று உலக வங்கி உட்பட எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது எண்ணிப் பார்த்தால் 8 கோடியே 90 லட்சம்தான் வந்தது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு 1963 எண்ணைப் பெருக்கிக்கொண்டு வந்ததன் பலன். இரண்டு கோடிப் பேர் காணாமல் போனார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை, அவர்கள் இருந்ததே இல்லை.

1991லும் 2006லும் மதம் என்ன, இனம் என்ன என்ற கேள்விகளே படிவத்தில் இல்லை. கேட்டால் ரத்தம் சிந்தும் என்று விட்டுவிட்டார்கள். முஸ்லிம்கள் இத்தனை சதவீதம், கிறிஸ்தவர்கள் இத்தனை சதவீதம் என்று நைஜீரியாவைப் பற்றி அடித்துச் சொல்கிற யாரையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், 1963க்குப் பிறகு அங்கே மதத்தை எண்ணி ஏற்றுக்கொண்ட கணக்கு என்று ஒன்று கிடையாது. 2006இல் போலி ஆட்களைத் தடுக்க கைரேகை வாங்கினார்கள், செயற்கைக்கோள் படம் வைத்துத் தெருக்களைப் பிரித்தார்கள், ஜனங்களை வீட்டைவிட்டு வெளியே வராதே என்று சொல்லி எண்ணினார்கள். இத்தனையும் செய்து முடித்த பிறகு, கணக்கெடுக்கும் ஆணையத்துக்கே தலைவராக வந்த ஒடிமெக்வு என்பவர், இந்த நாட்டில் இதுவரை நம்பத்தகுந்த கணக்கெடுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை என்று பேசினார். கானோ ஆளுநர் குவாங்குவாசோ கொதித்தார், 2013இல் ஒடிமெக்வு பதவியைவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னதற்காகப் போனார் என்று தெற்கிலும், வடக்கை அவமதித்ததற்காகப் போனார் என்று வடக்கிலும் இன்றைக்கும் சொல்வார்கள்.

அடுத்தது 2023 மே மாதம் நடப்பதாக இருந்தது. டேப்லெட் வாங்கியாயிற்று, எண்ணும் வட்டங்கள் பிரித்தாயிற்று, தேதி குறித்தாயிற்று. சில நாட்கள் இருக்கும்போது அப்போதைய அதிபர் புகாரி தள்ளிவைத்துவிட்டு, அடுத்த ஆட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

நம் ஊர்க்காரர்கள் இதைப் படித்துச் சிரிப்பதற்கு முன்னால் ஒன்று. தொகுதி மறுவரையறை என்ற வார்த்தையைக் கேட்டால் சென்னையில் எல்லாக் கட்சிகளும் ஏன் ஒரே மேஜையில் வந்து உட்காருகின்றன? மாநிலங்களுக்கு எத்தனை எம்.பி. என்பது 1971 கணக்கில் உறைந்தது, 1976இல் உறைய வைத்தார்கள், 2001இல் நீட்டித்தார்கள். குழந்தைப் பிறப்பைக் குறைத்த மாநிலம் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்பதுதான் காரணம். நாம் கணக்கை நம்புகிறோம், அதன் பலனைத்தான் தடுத்துவைத்திருக்கிறோம்; நைஜீரியா பலனை ஓடவிட்டு கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறது. 2021இல் வர வேண்டிய நம் கணக்கெடுப்பும் எவ்வளவு காலம் இழுத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாது. அப்படியானால் அந்த நாட்டில் என்ன மாறுகிறது என்றே தெரியாதா? தெரியும். எனக்கு இது புரியக் கொஞ்ச நாள் ஆனது. மொத்தத்தை விட்டுவிட்டு விகிதத்தைப் பிடிக்க வேண்டும். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை அங்கே மக்கள்தொகை, சுகாதார மாதிரி ஆய்வு ஒன்று நடக்கும். நாற்பதாயிரம் வீடுகள் வரை போய் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் பேசுவார்கள். இந்த ஆய்வில் யாருக்கும் பணமும் கிடையாது சீட்டும் கிடையாது, ஆகவே பொய் சொல்ல அவசியமும் குறைவு. (2018 ஆய்வுக்கு வீடுகளைப் பொறுக்கியதே 2006 கணக்கெடுப்பின் வட்டங்களிலிருந்துதான் என்பது வேறு விஷயம். அந்தப் பேயிடமிருந்து முழுசாகத் தப்பிக்கவே முடியாது.)

கேள்வி கேட்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "உனக்கு எத்தனை குழந்தை" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகமாட்டார்கள். உன்னோடு இருக்கிற பிள்ளைகள் யார் யார், வேறு இடத்தில் வளர்கிற பிள்ளைகள் யார், பிறந்து இறந்தவர்கள் உண்டா, ஒவ்வொருவரும் எந்த வருடம், எந்த மாதம் பிறந்தார்கள் என்று ஒவ்வொரு பிறப்பாக எழுதிக்கொண்டு வருவார்கள். இதற்குக் காரணம் உண்டு. கானோவில் சிங்கர் மார்க்கெட் என்று மளிகை மொத்த வியாபாரத்துக்குப் பேர் போன இடம் இருக்கிறது, அங்கே எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு ஹாஜியார். அவருடைய கிடங்கில் சர்க்கரை மூட்டை எத்தனை என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமல் சொல்வார், லாரியில் வந்துகொண்டிருப்பதையும் சேர்த்து. ஒருநாள் பேச்சுவாக்கில் "ஹாஜி, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். "அல்லா நிறையக் கொடுத்திருக்கிறார்" என்றார். அவ்வளவுதான், மறுபடி சர்க்கரைக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் அவருடைய தம்பி மகன் என் காதருகே, "மூணு வீடு சார், நானே சரியா எண்ணினதில்ல" என்றான். தென்மேற்கில் இருக்கும் யோருபாக்காரர்களிடமும் ஒருவருடைய பிள்ளைகளை அவருக்காக எண்ணக்கூடாது என்று பழமொழியே உண்டு. நம் பாட்டிமார்களும் பேரப்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணினால் திட்டுவார்கள்தானே, கண் பட்டுவிடும் என்று.

அந்த ஆய்வுகள் சொல்வது இது. 1990இல் ஒரு நைஜீரியப் பெண் சராசரியாக 6 பிள்ளைகள் பெற்றார். 2008இல் 5.7, 2013இல் 5.5, 2018இல் 5.3, கடைசியாக 2023-24இல் 4.8. கடைசி இறக்கம்தான் கவனிக்க வேண்டியது, ஐந்தாறு வருடத்தில் அரைப் பிள்ளை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 132இலிருந்து 110 ஆகியிருக்கிறது. 110 என்பது இன்னமும் கொடுமையான எண், ஒன்பது குழந்தைகளில் ஒன்று. அப்படிப் பறிகொடுக்கிற ஊரில் இரண்டோடு நிறுத்து என்று யார் போய்ச் சொல்வது?

இந்த 4.8ம் ஒரு நாட்டின் எண் கிடையாது. எண்ணெய் வளமுள்ள தெற்கு மாநிலமான ரிவர்ஸில் 2.9, வடகிழக்கில் யோபேயில் 7.5. ஒன்று நமக்குத் தெரிந்த 1990களின் இந்தியா போல, இன்னொன்று எந்தக் காலத்து இந்தியாவிலும் பார்த்திராத அளவு. பள்ளிக்கூடமே போகாத பெண்ணுக்கும் கல்லூரி வரை போன பெண்ணுக்கும் நடுவே 2018 ஆய்வில் இருந்த வித்தியாசம் 6.7க்கும் 3.4க்கும். வடமேற்கில் பாதிப் பெண்களுக்குப் பதினாறு வயதுக்கு முன்பின்னாகவே கல்யாணம் முடிந்துவிடுகிறது. ஆகவே வடக்கு தெற்கு, முஸ்லிம் கிறிஸ்தவர் என்று நம் ஆட்கள் உடனே கோடு போடுவதைவிட, எந்தப் பெண் எத்தனை வருடம் பள்ளியில் இருந்தாள் என்று கோடு போட்டால் இன்னும் நேராக வரும்.

அரசாங்கமும் ஒரு காலத்தில் முயற்சி செய்தது. 1988இல் ஒரு மக்கள்தொகைக் கொள்கை கொண்டுவந்தார்கள்: ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளைகள். ஒரு பெண்ணுக்கு! நான்கு மனைவி கட்டிக்கொள்கிற ஆணுக்குப் பதினாறு வரை தடையில்லை. பெண்கள் அமைப்புகள் அப்போதே கேட்டுவிட்டன, இந்தக் கொள்கையில் ஆண் எங்கே என்று. இப்போது வடக்கில் குடும்பக் கட்டுப்பாடு என்ற பேச்சை எடுப்பதில்லை, பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விடுவது என்று சொல்கிறார்கள், அதை மார்க்க அறிஞர்களும் ஏற்கிறார்கள். கானோவின் பாரம்பரிய மன்னரான அமீர் சனூசி 2017இல், காப்பாற்ற வக்கில்லாதவன் இரண்டாவது மனைவி கட்டக்கூடாது என்று சட்டம் கொண்டுவர வேண்டும் என்றார். பொருளாதாரம் படித்தவர், மத்திய வங்கி ஆளுநராக இருந்தவர், கணக்குப் பார்த்துத்தான் பேசினார். 2020இல் அவர் பதவி பறிபோனது (அரசியல் காரணங்கள் பல), 2024இல் திரும்பி வந்தார்.

2018 ஆய்வில் இன்னொரு கேள்வி: உங்கள் விருப்பத்துக்கு எத்தனை பிள்ளைகள் வேண்டும்? பெண்கள் சராசரியாக 6.1 என்றார்கள், ஆண்கள் 7.2. அதாவது பெற்றுக்கொண்டதைவிட அதிகம் வேண்டும் என்கிறார்கள். கருத்தடை வசதி கிடைக்காமல் தவிக்கிறார்கள், மாத்திரை கொடுத்தால் போதும் என்று நினைக்கிற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இந்த எண்ணைத் தாண்டி வேகமாகப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் லாகோஸில் என்னோடு வேலை பார்த்த இளம் பெண்களிடம் கேட்டால் வேறு பேச்சு. எங்கள் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு பையன்கள். மாமியார் பெண் குழந்தை வேண்டும் என்று நச்சரிக்கிறார். "பெத்துக்கலாம் சார், ஸ்கூல் ஃபீஸ் அவங்க கட்டுவாங்களான்னு கேட்டேன், அன்னையிலேர்ந்து பேச்சில்ல" என்றாள். வாடகையும் லேசில்லை. தாழ்வாரத்துக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக அறைகள், ஒரு அறைக்கு ஒரு குடும்பம், பொதுக் குளியலறை. அந்த மாதிரி வீட்டுக்கே வீட்டுக்காரர் ஒரு வருட, சில இடங்களில் இரண்டு வருட வாடகையை முன்பணமாகக் கேட்பார். மாதச் சம்பளக்காரன் இதைச் சேர்த்துக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த வருடம் வந்துவிடும். 2023இல் பெட்ரோல் மானியத்தை எடுத்தார்கள், அடுத்த மாதமே அந்த நாட்டு நாணயமான நைராவைச் சந்தையில் மிதக்கவிட்டார்கள், விலைவாசி எங்கேயோ போய்விட்டது. பிறப்பு குறைவதற்கு அரசின் கொள்கை செய்ததைவிட இந்த வாடகையும் ஃபீஸும் அதிகம் செய்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

டயப்பர் விற்றவன் என்பதால் இதை ஒரு கோணத்தில் கிட்டப் பார்த்தேன். நைஜீரியாவில் வருடத்துக்குச் சுமார் 75 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ரஷ்யாவைச் சேர்த்து மொத்த ஐரோப்பாவிலும் பிறப்பதைவிட அதிகம். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் உலகத்து டயப்பர் கம்பெனிகள் எல்லாம் அங்கே போயின. ஹக்கீஸ் தயாரிக்கும் கிம்பர்லி கிளார்க் 2022இல் லாகோஸ் அருகே இகோரொடுவில் 10 கோடி டாலர் தொழிற்சாலை திறந்தது. 2024இல் மூடிவிட்டுக் கிளம்பியது. பாம்பர்ஸ் தயாரிக்கும் பி அண்ட் ஜி அதற்கும் முன்பே, 2023 கடைசியில், இனி இங்கே உற்பத்தி கிடையாது, இறக்குமதி மட்டும்தான் என்று அறிவித்துவிட்டது. குழந்தைகள் எங்கேயும் போகவில்லை. தெருமுனைக் கடையில் டயப்பரைப் பாக்கெட்டாக வாங்குகிற தாய்மார்கள் அபூர்வம். கடைக்காரம்மா பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒன்று ஒன்றாக விற்பார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக ஒன்று, தடுப்பூசிக்குப் போக ஒன்று. மற்ற நாட்களுக்குத் துணிதான். பால் பவுடரும் அப்படித்தான், ஒரு வேளைக்கு ஒரு சாஷே. என் எக்செல் ஷீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே என்ற கட்டத்தில் கோடிக்கணக்கில் எண் இருக்கும், விற்பனை அந்தக் கட்டத்தைப் பார்த்து வராது, அந்தத் தாயின் பர்ஸைப் பார்த்து வரும். இளைய மக்கள்தொகை தானாகவே லாபமாகிவிடும் என்று மேடைகளில் பேசுகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்த நாட்டில் சுமார் பாதிப் பேர் 18 வயதுக்குக் கீழே. யுனெஸ்கோ 2022இல் போட்ட கணக்கில் பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் மட்டும் 2 கோடி.

ஐ.நா. போடும் எதிர்காலக் கணக்குகளையும் ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். 2100இல் நைஜீரியாவில் எத்தனை பேர்? 2012இல் சொன்னது 91 கோடி. 2019இல் 73 கோடி. 2022இல் 54 கோடி சொச்சம். 2024இல் 47 கோடி சொச்சம். பன்னிரண்டு வருடத்துக்குள் 40 கோடிக்கு மேல் ஆவியாகிவிட்டது. இன்னும் பிறக்காதவர்கள், பாவம், தங்களைப் பற்றி இவ்வளவு விவாதம் நடப்பது தெரியாது. 91 கோடி என்று வந்தபோது அதை வைத்துப் பயமுறுத்திய கட்டுரைகள் இணையத்தில் இன்னமும் சுற்றுகின்றன, தேதியைப் பார்க்காமல் பகிர்கிறார்கள். ஐ.நா.வைக் குறை சொல்லமாட்டேன், பிறப்பு விகிதம் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்ற புதுத் தகவல் வர வர அவர்கள் திருத்துகிறார்கள், அதுதான் முறை. வெளிநாடு போகிறவர்களையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். டாக்டர், நர்ஸ், சாப்ட்வேர்க்காரர் என்று என் காலத்திலேயே ஆபீசில் பாதிப் பேர் கனடாவுக்கும் லண்டனுக்கும் ஃபார்ம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு அது பெரிய அடி, மொத்தத் தொகையில் தூசு. வருடத்துக்கு 50 லட்சம் அளவில் கூடுகிற நாடு அது.

கணக்கெடுக்காமலேயே எண்ண வேறு வழி இல்லையா என்றால், ஓரளவு இருக்கிறது. வடக்கில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்களிடம் இருந்த பழைய வரைபடங்களில் பல குக்கிராமங்களே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் கூரைகளைப் பார்த்து ஊர்களைக் குறித்துக்கொண்டு, மருந்து கொடுப்பவர்களின் கையில் ஜி.பி.எஸ். கருவி கொடுத்து எந்தத் தெரு விட்டுப்போனது என்று பார்த்தார்கள். ஆப்பிரிக்கப் பகுதி 2020இல் காட்டு வகைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டதில் அதற்கும் பங்கு உண்டு. அதே கூரைக் கணக்கை வைத்து, ஒரு கூரைக்கு எத்தனை பேர் என்று சில இடங்களில் மட்டும் எண்ணி, மீதியை மதிப்பிடுகிற வேலையும் நடக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, கூரைக்கு ஓட்டு கிடையாது என்பதால். மற்றபடி செல்போன் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்களை நம்ப வேண்டாம். 2024இல் தணிக்கை செய்ததும் 21 கோடிக்கு மேல் என்று சொல்லிக்கொண்டிருந்த இணைப்புகள் சுமார் 15 கோடியாக இறங்கிவிட்டன. வாக்காளர் பட்டியலும் அப்படித்தான், 2023 தேர்தலில் 9 கோடியே 34 லட்சம் பேர் பட்டியலில், வந்து ஓட்டுப் போட்டவர்கள் அதில் கால்வாசி சொச்சம். மீதிப் பேர் வெறுத்துப்போய் வரவில்லையா, பட்டியலில் மட்டும் இருக்கிறார்களா? இரண்டும்தான்.

2025 ஏப்ரலில் அதிபர் டினுபு புதிய கணக்கெடுப்புக்கு வழி சொல்ல ஒரு குழு போட்டார். குழு டேப்லெட்டைப் பற்றியும் முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தைப் பற்றியும் பேசட்டும், தப்பில்லை. ஆனால் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி: முதலில் அந்த 30 சதவீதத்தைக் குறையுங்கள், 10க்கோ 5க்கோ கொண்டுவாருங்கள், அப்புறம் எண்ணுங்கள். அந்த 30 அப்படியே இருக்கும்வரை எந்தக் கருவியைக் கொடுத்தாலும் கானோவில் ஒரு எண் வரும், லாகோஸில் ஒரு எண் வரும். இதை லாகோஸில் ஒரு விருந்தில் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார், கோழியைக் கடித்துக்கொண்டே. "ஆனா அந்தச் சூத்திரத்தை மாத்தணும்னா நாடாளுமன்றத்துல ஓட்டெடுக்கணும். அங்க யாருக்கு எத்தனை சீட்டுன்னு எதை வெச்சு முடிவு பண்ணிருக்காங்க, சொல்லுங்க?"